ஆர்லின் ஹாகன் குண்டு பொறுக்கிய வருஷம்

ஆர்லின் ஹாகனும் நானும் வெட்ஸ்டோன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பிறகு அவன் என் தங்கை கார்னெட்டைக் கட்டிக்கொண்டதில் மச்சானும் ஆனான். அதனால் முப்பத்தெட்டு வருஷமாக அவனை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்து வருகிறேன். எதையும் இரண்டு முறை அளக்காமல் செய்ய மாட்டான். கல்யாணத்துக்கு முன்னால் கார்னெட்டின் விரலைத் தோட்டா அளக்கிற இடுக்கியால் அளந்துதான் மோதிரம் வாங்கினான். அந்த மோதிரம் இன்றுவரை வழுக்கியதும் இல்லை, இறுகியதும் இல்லை. அவன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊர் தெற்கு டகோட்டாவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. மனிதர்களைவிட ஆடு அதிகம், ஆட்டைவிடக் காற்று அதிகம். நான் ஆணி, தீவனம், தோட்டா எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே விற்கிறேன். போன வருஷம் மே மாதம் முதல் வாரத்தில் கார்னெட் கடைக்கு வந்து அவர்கள் பண்ணை ஆடுகள் நக்குவதற்கு உப்புக்கட்டி கேட்டாள். எடுத்துக் கொடுக்கும்போதே முகத்தைப் பார்த்தேன்.

"ரெண்டு குட்டி போச்சு, வெண்டல்" என்றாள். "கழுத்துல பல் தடம். கொயோட்டிதான்."

கொயோட்டி ஓநாய்க்குத் தம்பி, நரிக்கு அண்ணன். புல்லின் நிறத்தில் இருக்கும். ஆட்டுக்குட்டி பிறக்கிற மாதத்தில் அதற்கும் குட்டிகள் வளையில் காத்திருக்கும். அதன் பக்கத்திலும் நியாயம் உண்டு என்று நான் சொன்னால் எங்கள் ஊரில் எனக்கு யாரும் காப்பி ஊற்ற மாட்டார்கள்.

"ஆர்லின் என்ன சொல்றான்?"

"எந்தக் குண்டு போட்டு அடிக்கலாம்னு யோசிச்சிட்டிருக்கான்."

மறுநாள் அவனே வந்தான். அவனிடம் இருந்தது அவன் அப்பாவுடைய துப்பாக்கி. இருபத்திரண்டு-இருநூற்றைம்பது என்று சொல்வோம். வாய் சின்னது, கோபம் பெரியது. தோட்டாவைக் கடையில் வாங்கிப் போடுகிற ஆள் இல்லை அவன். வெறுங்கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாம் தனித்தனியாக வாங்கித் தன் கொட்டகையில் தானே கட்டிக்கொள்வான். குண்டின் எடையைக் கிரெய்ன் கணக்கில் சொல்வது வழக்கம். ஒரு கிரெய்ன் என்பது கொஞ்சம் பெரிய கோதுமை மணி எடை.

"நாப்பது ரொம்ப லேசு" என்று கவுண்டரில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தான். "வேகமாத்தான் போகும். ஆனா தோள் எலும்புல பட்டா மேலாகவே செதறிடும். அது நொண்டிக்கிட்டே ஓடி எங்கயோ கிடந்து சாகும். அது பாவம். அம்பத்தஞ்சு உள்ள போயிரும், ஆனா அந்தப் பக்கம் வரும்போது தோல்ல தொப்பி அளவு ஓட்டை போட்டுட்டு வரும். செம்புச் சட்டை முழுசா போட்ட குண்டு இருக்கு பாரு, அது ஊசி மாதிரி ஊடுருவிப் போயிடும். அடிபட்டதே அதுக்குத் தெரியாது. அடுத்த ஊருக்குப் போய்த்தான் விழும்."

"தோல எவன்டா இப்ப வாங்கறான்? தோல் வியாபாரி இந்தப் பக்கம் வந்தே மூணு வருஷம் ஆச்சு."

"அதுக்காக? ஓட்டை ஓட்டைதானே."

 நாற்பது, ஐம்பது, ஐம்பத்தைந்து மூன்றிலும் ஒவ்வொரு பெட்டி எடுத்து வைத்தேன். நாற்பதும் ஐம்பதும் ஒரே நிறப் பெட்டி. உள்ளே குண்டும் ஒரே மாதிரி, நுனியில் சிவப்புப் பிளாஸ்டிக் மூக்கு. ஆர்லின் ஒரு பெட்டியை எடுத்து முகத்தருகே கொண்டுபோனான், தள்ளிப் பிடித்தான், மறுபடி என்னிடம் நீட்டினான்.

"என்ன போட்டிருக்குன்னு வாசி. உன் கடையில வெளக்கு எரியுதா, அழுவுதான்னே தெரியல."

வாசித்துச் சொன்னேன். அவன் போன பிறகு ஏணி போட்டு ஏறி விளக்கையும் மாற்றினேன். என் புத்தி அவ்வளவுதான்.

அப்புறம் குடங்கள் ஆரம்பித்தன. பால் வருகிற பெரிய பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் நிரப்பி, ஐந்தை ஒன்றன் பின் ஒன்றாகப் பலகைமேல் நிறுத்தி, நூறு அடி தூரத்திலிருந்து சுடுவான். குண்டு எத்தனை குடம் போகிறது, எங்கே உடைகிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவான். காற்று எந்தப் பக்கம், வெயில் எவ்வளவு என்பதும் உண்டு. ஊரில் யார் வீட்டில் குடம் காலியானாலும் அவனுக்குப் போயிற்று. வீட்டுக் குடங்கள் சீக்கிரம் காலியாக வேண்டுமே என்று கார்னெட் மூன்று வாரம் காப்பியை விட்டுப் பால் குடித்தாள். பால் அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

காலையில் டமால், மத்தியானம் டமால். ஒவ்வொரு குண்டுக்கும் ஒவ்வொரு விதமாகக் கட்டிய தோட்டாக்களை, வெண்ணெய்க்குப் பதில் தடவுகிற மார்ஜரின் வந்த காலி டப்பாக்களில் போட்டு, மேலே நாடா ஒட்டி, நாற்பது, ஐம்பது என்று பெரிய எழுத்தில் எழுதி அடுக்கினான். நான் தீவனம் இறக்கப் போயிருந்தபோது கொட்டகைக்குள் கூட்டிப்போய்க் காட்டினான். மருந்துக்கடை மாதிரி இருந்தது.

வெளியே வந்ததும் கார்னெட் என்னிடம் சொன்னாள்: "ஆறாவது குட்டி இன்னிக்குக் காலையில. கொடமெல்லாம் செத்துருச்சு வெண்டல். கொயோட்டிதான் பாக்கி."

"காதுல விழுது" என்றான் ஆர்லின் உள்ளேயிருந்து. "அவசரப்பட்டு ஒண்ணை நொண்டியாக்கினா அது பெருசா தப்பு. நொண்டிக் கொயோட்டிக்கு முயல் புடிக்க முடியாது. அப்புறம் ஆடு மட்டும்தான் திங்கும்."

"இப்ப மட்டும் என்ன, சாலட்டா திங்குது?"

ஏழாவது குட்டி போன மறுநாள், காலைக் காப்பியோடு இருவரும் வாசல் படியில் நின்றுகொண்டிருந்தார்கள். இதைக் கார்னெட் பின்னால் என்னிடம் சொன்னாள். வீட்டுக்கு எதிரே ஆடுகள் தண்ணீர் குடிக்கிற குளம், நூற்றைம்பது அடி இருக்கும். குளத்துக்கரை மேல், பட்டப்பகலில், கூப்பிட்டு உட்காரவைத்த விருந்தாளி மாதிரி ஒரு கொயோட்டி உட்கார்ந்திருந்தது.

"ஆர்லின். கொளத்துக்கரை."

"என்ன?"

"ஒக்காந்திருக்கு."

அவன் காப்பியை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்து வந்தான். கம்பத்தில் சாய்ந்து, துப்பாக்கிமேல் இருந்த தொலைநோக்கியில் கண் வைத்தான். சுடவில்லை. குழலை இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினான், வலப்பக்கம் நகர்த்தினான்.

"எங்க?" என்றான் மெதுவாக. "அந்தக் கல்லுக்குப் பக்கத்துலயா?"

 அந்தக் கரையில் கல்லே கிடையாது. அந்தக் குளத்தை அவளும் அவனும் சேர்ந்துதான் வெட்டினார்கள். அவன் கல் என்று சொன்னதுதான் கொயோட்டி.

"ஆமா" என்றாள். "கல்லுக்குப் பக்கத்துலதான்."

அவன் இன்னும் கொஞ்சம் பார்த்தான். பிறகு குழலை இறக்கினான். "காத்து சரியில்ல."

எங்கள் ஊரில் காற்றைப் பற்றி என்ன புகார் சொன்னாலும் நம்புவார்கள். ஆனால் அன்று காலை புல் நுனிகூட அசையவில்லை. கொயோட்டி கொட்டாவி விட்டு எழுந்து, அவசரமே இல்லாமல் கரைக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போயிற்று.

அன்று மத்தியானம் கார்னெட் கடைக்கு வந்து, தீவன மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் சொன்னாள். சாயங்காலமானால் ஆர்லின் வண்டி ஓட்டாமல், புது வண்டிகளின் விளக்கு கூசுகிறது என்று இரண்டு வருஷமாகச் சொல்லி வருகிறான். செய்தித்தாளை அவளை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறான், உன் குரல் நன்றாயிருக்கிறது என்று.

"முப்பத்தெட்டு வருஷத்துல என் கொரல அவன் பாராட்டினதே இல்ல. அப்பவே நான் யோசிச்சிருக்கணும்" என்றாள். "வெள்ளைக் கொடம் அவனுக்குத் தெரியுது. புல்லுல புல்லு நெறத்துல ஒண்ணு நின்னா தெரியல. இந்த மாசம் முழுக்க அவன் குண்டு பொறுக்கினது சுடறதுக்கு இல்ல வெண்டல். சுடாம இருக்கறதுக்கு."

"டாக்டர்கிட்ட போகச் சொல்ல வேண்டியதுதானே."

"சொன்னா, கண்ணு நல்லாருக்குன்னு காட்டறதுக்காகவே எதையாச்சும் சுட்டுருவான். வேலிக்கு அந்தப் பக்கம் ராய்ஸோட மாடு நிக்குது."

அதில் அர்த்தம் இருந்தது. பக்கத்துப் பண்ணை ராய்ஸ் க்னுட்சனின் மாடுகளும் புல் நிறம்தான்.

அந்த வாரக் கடைசியில் கார்னெட் குதிரை ஏற்றுகிற பெட்டிவண்டி ஒன்றை லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு மொன்டானா எல்லை தாண்டிப் போய் ஒரு பெண் கழுதையை வாங்கி வந்தாள். பெயர் ஜூடித். நாய் ஜாதி எதைக் கண்டாலும் அதற்கு ஆகாது. ஓநாய், கொயோட்டி, வீட்டு நாய் என்ற பாகுபாடு கிடையாது. வந்த முதல் நாளே வீட்டு நாய் பிப்பை மேய்ச்சல் நிலம் முழுக்கத் துரத்தியது. பிப் அந்தக் கோடை முழுவதையும் லாரிக்கு அடியிலேயே கழித்தது. சோற்றுக்கு மட்டும் வெளியே வரும், அதுவும் நாலு பக்கமும் பார்த்துவிட்டு.

ஆட்டுக்குட்டி போவது நின்றது. ஜூன் முழுக்க ஒன்றுகூட இல்லை. ஜூலையிலும் இல்லை. ஆர்லின் கழுதையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கார்னெட்டும் சொல்லவில்லை. சோதனைகள் முடிந்துவிட்டன, ஐம்பதுதான் சரி என்று அவன் என்னிடம் அறிவித்தான். இரண்டாவது குடத்துக்குள் போய் அங்கேயே முழுசாகப் பொடியாகிவிடுகிறதாம். உள்ளே போகும், வெளியே வராது. "அதுதான் வேணும்" என்றான். "மரியாதையான சாவு."

ஆகஸ்டில் ராய்ஸ் கடைக்கு வந்தான். மாடும் ஆடும் வைத்திருப்பவன், நல்ல மனிதன், காதில் விழுந்ததை எல்லாம் கூட்டிக் கணக்குப் போடுகிறவன். அவனுக்கு அந்த வருஷம் பதினோரு குட்டி போயிருந்தது.

"மே மாசம் பூரா ஆர்லின் வீட்டுப் பக்கம் டமால் டமால்னு கேட்டுச்சு" என்றான். "அதுக்கப்புறம் அவனுக்கு ஒரு குட்டிகூடப் போகல. வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குப் போகுது. அத்தனையும் அடிச்சுத் தள்ளிட்டான் போலருக்கே. என்ன குண்டு?"

"அம்பதுன்னு சொன்னான்" என்றேன்.

அதில் பொய் ஒன்றுமில்லை. கழுதையைப் பற்றி நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அது என் கழுதை இல்லை. இன்னொரு காரணம், என்னிடம் ஐம்பது கிரெய்ன் பெட்டிகள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருந்தன.

"கார்னெட் ஒரு கழுத வாங்கியிருக்கா, பாத்தியா?" என்று ராய்ஸே கேட்டான்.

"பாத்தேன்."

"பாவம். பிள்ளைங்க எல்லாம் வெளியூர் போயிட்டா ஏதாச்சும் ஒண்ணு தேவைப்படுது இல்ல" என்று சொல்லிவிட்டு இரண்டு பெட்டி ஐம்பது வாங்கிப் போனான்.

நவம்பரில் லூத்தரன் தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் வேட்டைக்காரர் விருந்து நடக்கும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மத்தியானச் சாப்பாடு. மான்கறிச் சூப்பு, கொத்துக்கறிமேல் உருளைக்கிழங்கு அடுக்கிச் சுட்ட பெரிய தட்டுகள், யாரும் தொடாத பச்சை ஜெல்லி. ராய்ஸ்தான் அந்த வருஷத் தலைவர். கொயோட்டிக்குக் குண்டு தேர்ந்தெடுப்பது எப்படி என்று ஆர்லின் பேச வேண்டும் என்று கேட்டான். ஆர்லின் மாட்டேன் என்று இரண்டு தடவை சொன்னான். மூன்றாம் தடவை கேட்பதற்குள் ஒன்பது பக்கம் எழுதிவிட்டான்.

எண்பது பேர் இருந்தோம். ஆர்லின் எழுந்து நின்று தாள்களைப் பிரித்தான். கீழ்த்தளத்தில் ஜன்னல் உயரத்தில் இருக்கும். அவன் நின்ற இடத்தில் வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. தாளைத் தள்ளிப் பிடித்தான். கிட்டே கொண்டுவந்தான். சாய்த்தான். யாரோ இருமினார்கள். அவன் காது சிவந்ததை நான் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வராதபோது சிவக்கிற அதே காது.

முன்வரிசையிலிருந்து கார்னெட் எழுந்து போய்த் தாள்களை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இவன் கையெழுத்து எனக்கு மட்டுந்தான் புரியும்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "நான் வாசிக்கறேன். இவன் பக்கத்துல நின்னு தலையாட்டுவான்."

சபைக் கணக்கு வாசிக்கிற அதே குரலில் ஒன்பது பக்கத்தையும் வாசித்தாள். "நாற்பது: முதல் குடம் மழையாகப் போயிற்று, இரண்டாவது குடத்துக்குக் காயமில்லை. தோளில் பட்டால் தோலோடு நிற்கும் அபாயம் உண்டு. ஐம்பத்தைந்து: மூன்று குடம் போயிற்று, மூன்றாவதன் முதுகில் கை நுழையும். நீளமான கனத்த குண்டு என் குழலில் போடக் கூடாது, குழலுக்குள் வெட்டிய புரியின் சுழற்சி போதாது, குண்டு குட்டிக்கரணம் போட்டுப் பக்கவாட்டில் போய் அடிக்கும்." ஓர் இடத்தில் நிறுத்தி, "இங்க காப்பிக் கறை இருக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆர்லின் சொன்னபடி தலையாட்டினான். முடிவாக, ஐம்பது. பின்வரிசையில் இரண்டு பேர் பேனா எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்கள்.

ராய்ஸ் கையைத் தூக்கினான். "ஒரே கேள்விதான் ஆர்லின். அந்த அம்பதை வச்சு எத்தனை அடிச்ச?"

கார்னெட் தாள்களை மடித்துக்கொண்டே நின்றாள். ஆர்லின் ராய்ஸ் இருந்த திசையைப் பார்த்தான். ராய்ஸ் தெரிந்தானோ என்னவோ.

"ஒண்ணுகூட இல்ல" என்றான்.

 எல்லாரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள், கை தட்டினார்கள்.

"பாத்துக்குங்க" என்று ராய்ஸ் எழுந்து நின்று சொன்னான். "இவன்தான் வேட்டைக்காரன். இங்க ஒவ்வொருத்தனும் ரெண்டு அடிச்சுட்டு இருபதுங்கறான்."

"அவன் உண்மையத்தான் சொல்றான்" என்றாள் கார்னெட்.

இதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வாரம் என் கடையில் ஐம்பது கிரெய்ன் தீர்ந்துபோய், மேலும் இரண்டு தடவை வரவழைக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் கார்னெட்தான் வண்டி ஓட்டினாள். பண்ணை வாசல் வந்தபோது அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"எத்தனை நாளாத் தெரியும்?" என்று கேட்டான்.

"கொளத்துக்கரைலேர்ந்து."

"அங்க கல்லு இல்லியா?"

"இல்ல."

கொஞ்ச தூரம் போனார்கள். "அப்ப அந்தக் கழுத?"

"ஆமா."

"உனக்குப் புடிச்சுப்போய் வாங்கிட்டன்னு நெனச்சேன்."

"அந்தக் கழுதைய யாருக்குய்யா புடிக்கும்?"

அவன் சிரிக்கவில்லை. முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஒளிச்சு வெக்கணும்னு இல்ல. லைசன்ஸைப் புடுங்கிட்டான்னா எல்லாத்துக்கும் நீதான் வண்டி ஓட்டணும். அதான்."

"இப்ப யாரு ஓட்டறது?" என்றாள் கார்னெட்.

ஜனவரியில் ராப்பிட் சிட்டிக்குக் கூட்டிப் போனாள். இரண்டு கண்ணிலும் புரை, பழுத்துக் கிடந்தது. ஒரு வார இடைவெளியில் இரண்டையும் எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. இத்தனை வருஷம் இதற்குத்தான் பயந்தானா என்று அவனுக்கே அவமானமாக இருந்ததாம். கட்டுப் பிரித்த அன்று எதிரே உட்கார்ந்திருந்த மனைவியை ரொம்ப நேரம் பார்த்தான்.

"எப்ப நரைச்ச நீ?"

"நீ குண்டு பொறுக்கிட்டிருந்தப்போ."

வீட்டுக்கு வந்தவன் முதல் வாரம் முழுக்க ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கொட்டகைக் கதவின் பெயின்ட் உரிந்திருந்தது. பிப்புக்கு ஒரு காதில் வெட்டுக்காயம் இருந்தது. எல்லாம் பழையவை, அவனுக்கு மட்டும் புதியவை. அப்புறம் தன் மார்ஜரின் டப்பாக்களிடம் வந்தான். ஐம்பது என்று எழுதிய டப்பாவைத் திறந்து ஒரு தோட்டாவை எடுத்துப் பார்த்தான். மூக்கு குட்டையாகத் தெரிந்தது. குண்டைப் பிடுங்கி எடுத்துத் தராசில் வைத்தான். நாற்பது.

இன்னொன்று, நாற்பது. மூன்றாவது ஐம்பது. நாற்பது என்று எழுதிய டப்பாவிலும் அதே கூத்துதான். ஒரே நிறப் பெட்டி, ஒரே சிவப்பு மூக்கு. பெட்டியில் இருந்ததை நான் சரியாகத்தான் வாசித்துச் சொல்லியிருந்தேன். வீட்டில் வாசித்துச் சொல்ல ஆளைக் கூப்பிட அவனுக்குக் கூச்சம். மழையாகப் போன குடம் எந்தக் குண்டால் போனது, பொடியாகி நின்றது எது என்று இனி கடவுளுக்குத்தான் தெரியும். ஒன்பது பக்கமும் வீண்.

அன்றே கடைக்கு வந்தான். கோட்டுப் பாக்கெட்டில் கலந்துபோன தோட்டாக்கள் கலகலவென்று சத்தமிட்டன, எனக்குக் காட்ட அள்ளி வந்திருந்தான். ராய்ஸ் அப்போது அங்கே நின்றுகொண்டிருந்தான். அவன் வண்டிக்குப் பின்னால் இரண்டு கொயோட்டிகள் கிடந்தன.

"சரியான ஆள் வந்தான்" என்றான் ராய்ஸ். "அம்பதுதான். ரெண்டும் நின்ன எடத்துலயே விழுந்துச்சு."

"ராய்ஸ், நான் சொன்னது தப்பு. டப்பாவுல மாத்தி எழுதிட்டேன். நான் அம்பதுன்னு சொன்னது பாதி நாப்பது."

ராய்ஸ் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தான். மறுபடி ஆர்லினைப் பார்த்தான்.

"அப்ப அதுங்க எப்படிச் செத்துச்சு?"

"அது எனக்குத் தெரியாது. நான் சொல்ல வர்றது என்னன்னா—"

"நீ ஒண்ணும் சொல்லாத. ஒம்பது பக்கம் சொல்லிட்ட. ஊரே அம்பதுல சந்தோஷமா இருக்கு. இப்ப போய்க் கொழப்பாத." தோளில் தட்டிவிட்டு இன்னொரு பெட்டி வாங்கிக்கொண்டு போனான்.

ஆர்லின் என்னைப் பார்த்தான். "ரெண்டு தடவை உண்மையைச் சொல்லிட்டேன்" என்றான். "ரெண்டு தடவையும் முதுகுல தட்டிட்டுப் போறானுங்க."

மார்ச் நடுவில், பனி உருகி வேலிக்கம்புகள் சாய்ந்திருந்த சமயம், வடக்கு வேலியைப் பார்க்க நடந்துபோனான். பழக்கத்தில் துப்பாக்கியைத் தோளில் மாட்டியிருந்தான். ஓடைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கொயோட்டி நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. இருநூறு அடிக்குக் கொஞ்சம் குறைவு. முழங்கால் போட்டு உட்கார்ந்தான். கோட்டுப் பாக்கெட்டில் கைவிட்டு அகப்பட்ட தோட்டாவை எடுத்துப் போட்டான். தொலைநோக்கியில் மீசை முடி ஒவ்வொன்றும் தெரிந்ததாம், கண்ணின் மஞ்சள்கூட. அது எவ்வளவு அழகான மிருகம் என்பதை மறந்தே போயிருந்தேன் என்று என்னிடம் சொன்னான். அப்புறம் சுட்டான்.

நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தது. தோளுக்குப் பின்னால் பென்சில் நுனி அளவு ஒரு துளை. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. ஒன்பது பக்கமும் எதைக் கனவு கண்டதோ, அதுவே.

நான் மத்தியானம் தீவனம் இறக்கப் போனபோது அவன் கொட்டகையில் குனிந்து உட்கார்ந்திருந்தான். கையில் இடுக்கி, முன்னால் மருந்து நிறுக்கிற தராசு. கொயோட்டியின் நெஞ்சுக்கூட்டிலிருந்து ஈயப் பொடியையும் செம்புத் துணுக்கையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?"

"தோட்டாக் கூட்டைப் பாத்தா தெரியாது, ரெண்டுக்கும் ஒரே கூடு. உள்ள இருக்கறத மொத்தமா பொறுக்கி நிறுத்தா எந்தக் குண்டுன்னு தெரிஞ்சிரும். நாப்பதுக்கு மேல போச்சுன்னா அம்பதுதான்."

"இப்ப எவ்வளவு?"

"முப்பத்தொண்ணு."

"அப்ப?"

"முப்பத்தொண்ணுன்னா ரெண்டுல எதுவா வேணாலும் இருக்கலாம்" என்றான். மறுபடி குனிந்தான். கோபமோ வருத்தமோ அந்த முகத்தில் இல்லை. விடுமுறைக்கு வீட்டுப்பாடம் நிறையக் கிடைத்த கெட்டிக்கார மாணவன் மாதிரி இருந்தான்.

கார்னெட் கதவருகே வந்து நின்றாள். எப்படிச் சுட்டான், எங்கே பட்டது என்று கேட்டுக்கொண்டாள். துளையைக் குனிந்து பார்த்தாள். "சுத்தமாத்தான் பட்டிருக்கு" என்றாள். அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.  நான் போய் மூட்டை இறக்கினேன்.

திரும்பி வந்தபோது அவன் முப்பத்திமூன்றில் இருந்தான். கார்னெட் மூன்று பேருக்கும் தட்டு வைத்துவிட்டதாகச் சொன்னாள். கை கழுவாமல் எவனும் உள்ளே வரக்கூடாது என்றும் சொன்னாள். மேஜையில் உட்கார்ந்ததும் ஆர்லின் உருளைக்கிழங்கு ஒன்றை முள்கரண்டியில் குத்தி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தோல்ல மண்ணு இருக்கு."

"எப்பவும் இருக்கும்" என்றாள் கார்னெட். "சாப்பிடு."

சாப்பிட்டான்.